மாவடை மரவடை சகிதம்

கம்பம் முதன்முதலாக வாய் திறந்தபோது, கிளமென்ட் தன் கட்டாத வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மேற்படி மனையில் வில்லங்கம் உள்ளது" என்றது கம்பம்.

அவன் திரும்பிப் பார்த்தான். மார்பளவு உயரம், சாம்பல் நிறம், உச்சியில் நண்டின் கண்களைப் போல இரண்டு வில்லைகள். மூன்று வருடத்துக்கு முன் கடற்கரை நெடுக அரசாங்கம் நட்டுவிட்டுப் போன கம்பங்களில் ஒன்று. இதுவரை பார்க்க மட்டும் செய்தது. குரல் என்னவோ தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருடையது போல இருந்தது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

கம்பத்துக்குப் பின்னாலிருந்து தொப்பி வைத்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பயந்துட்டியளா சார்? அது அப்படித்தான் பேசும். நான் ஜொஹரா. வாழிடத் தாசில்தார்."

ஊரில் அவளைக் குருவித் தாசில்தார் என்று சொல்வார்கள் என்பது கிளமென்ட்டுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"ஏன் இப்படிப் பேசுது?"

"நிலம்னா என்ன, உரிமைன்னா என்னன்னு சொல்லிக் குடுக்கணும்ல? பதிவு ஆபீஸ்ல கிடந்த பழைய பத்திரத்தையெல்லாம் படிக்க வெச்சாங்க. நல்லாக் கத்துக்கிச்சு. கூடவே அந்தத் தமிழும் ஒட்டிக்கிச்சு. இனி அதை மாத்தணும்னா எல்லாத்தையும் மறக்கடிக்கணுமாம்."

"என்ன வில்லங்கம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மூன்றடி உயரத்துக்குக் கட்டி, மணலும் சிப்பிச் சரளையும் கொட்டி நிரப்பி, அப்படியே விட்டுவிட்ட பேஸ்மென்ட். அதன் மேல் அங்கங்கே வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னஞ்சிறு பறவைகள் வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்தன. கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. சின்ன ஆலா. கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளையில் ஒரு குழி, குழியில் புள்ளி போட்ட முட்டைகள். உற்றுப் பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது.

"மேற்படி ஆலா வகையறாக்கள்" என்றது கம்பம், "மூன்று பருவமாய் யாதொரு ஆட்சேபணையுமின்றி மேற்படி மனையை அனுபவித்து வருகிறார்கள்."

ஜொஹரா படியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் வருஷக்கணக்கா இருந்து, உடையவர் ஒண்ணும் சொல்லலைன்னா, இடம் இருந்தவருக்குப் போயிரும். அனுபவ பாத்தியம். மனுஷனுக்கு இந்தச் சட்டம் முன்னாலேயே உண்டு. இப்ப அழிஞ்சுபோற உயிர்களுக்கும் உண்டு. முன்னெல்லாம் இது மேல யார் முட்டை விட்டா, போன வருஷம் வந்தது இதுதானான்னு யார் சாட்சி சொல்லுவா? இப்ப கம்பம் சொல்லும். ஒவ்வொரு பறவையையும் முகம் பார்த்தே சொல்லும்."

"ஏன் இங்க வந்துச்சு?"

"வேற எங்க போகும்? துறைமுகத்துக்கு, ரோட்டுக்குன்னு கல்லைக் கொட்டிக் கொட்டி இந்தக் கரையில மணலே இல்லை. மிச்சம் இருக்கிற மணல்ல விட்டா, வெள்ளத்துல முட்டை போயிருது. தண்ணி ஏறாத உயரத்துல சரளை இருக்கிற இடம் உங்க பேஸ்மென்ட் ஒண்ணுதான் சார். தெரிஞ்சே கட்டுன மாதிரி இருக்கு."



கட்டியது அவன் மனைவி ரெக்ஸிக்காக. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். சம்பளத்தைச் சேர்த்து மனை வாங்கி, பேஸ்மென்ட் எழும்பிய அன்று, கையில் சுண்ணாம்புப் பொடியை அள்ளி அவளே கோடு போட்டாள். இது ஹால். இது ரூம். இது அடுக்களை. பிறகு அடுக்களைக்குள் போய் நின்று இல்லாத அடுப்பில் இல்லாத சட்டியை வைத்தாள்.

"இங்க ஒரு ஜன்னல். சாளை வறுக்கும்போது கடலைப் பார்த்துக்கிட்டே வறுக்கணும்."

"சாளைக்குக் கஷ்டமா இருக்காது? அதோட ஊரைக் காட்டிக்கிட்டே வறுத்தா?"

"வறுபடுதது சாளை. நீங்க ஏன் மூஞ்சிய சுளிக்கிய?"

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று தன் ஆஸ்பத்திரிக்கே போய்ப் படுத்தாள். திரும்பவில்லை.

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போடுவார்கள். கன்னம் இருக்கிறதா என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிளமென்ட்டுக்கு அப்படி ஓர் ஊசி போட்டு, அது இறங்காமலே நின்றுவிட்டது. உப்புக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. உப்பில் ஈரம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று பார்ப்பான். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வருவான். வாசற்படியில் உட்காருவான். இருட்டத் தொடங்கினால் போய்விடுவான். முதல் கோடையில் ஓர் ஆலா வந்து சரியாக அடுக்களைக் கோட்டுக்குள் முட்டை விட்டபோது, அவன் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரட்டவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"விசாரணை ஒண்ணு நடக்கும்" என்றாள் ஜொஹரா. "நான் அனுபவிக்கிறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, பறவைங்க கேஸ் நிக்காது. இந்தப் பருவம் முடிஞ்சதும் நீங்க வீட்டைக் கட்டிக்கலாம். இல்லைன்னு சொல்லிட்டா இடம் அதுகளுக்கு. நில அறக்கட்டளை பொறுப்பெடுத்துக்கும். பருவத்துல உங்களையும் சேர்த்து யாரும் உள்ளே வரக்கூடாது."

"சரி" என்றான்.

எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை. எழுந்து நடந்தாள். அவள் தலை மறையும்வரை ஆலாக்கள் மேலே எழும்பி, கிரீச் கிரீச் என்று திட்டிக்கொண்டே பறந்தன.

*

ரெக்ஸியின் தம்பி பிரிட்டோ மஸ்கட்டிலிருந்து வந்தது இதற்காகத்தான். கட்டட வேலை சூப்பர்வைசர். வந்த மறுநாளே தூத்துக்குடி ஆசாரியிடமிருந்து ஒரு தேக்கு வாசல் நிலையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, கிளமென்ட்டின் மாமியார் வீட்டு முற்றத்தில் சாத்தி வைத்தான். மேல்சட்டத்தின் நடுவில் சிலுவை செதுக்கியிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு மீன்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"நல்லாருக்கு."

"சும்மா சொல்லாதிய. தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது.

"மீனு என்ன மீனு சொல்லுங்க?"

"தெரியல."

"சாளை!" என்று பிரிட்டோ சிரித்தான். "ஆசாரி வஞ்சிரந்தான் அழகுங்கான். நான் விடலையே. எங்க அக்காவுக்குச் சாளைதான்னுட்டேன்." பிறகு சிரிப்பு நின்றது. "எங்க அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. இந்த நிலை அங்க நிக்கணும். அக்கா பேரு வாசல்ல இருக்கணும். அவளுக்குன்னு இந்த ஊர்ல வேற என்ன அத்தான் இருக்கு? கல்லறைத் தோட்டத்துல ஒரு சிலுவை. அவ்வளவுதான?"

கிளமென்ட் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பிரிட்டோ, நான் குஜராத்துக்குப் போலாம்னு இருக்கேன். கம்பெனியில கேட்டாங்க. அங்க புது உப்பளம்."

"போங்க. யாரு வேண்டான்னா? வீட்டைக் கட்டிவிட்டுட்டுப் போங்க. நான் நின்னு கட்டுதேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தக் கம்பம் கேக்கும்போது 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லுவியள்ல?"

"சொல்லுதேன்."

"சத்தியமா?"

"சொல்லுதேன்ல."

பிரிட்டோ அவன் முகத்தையே பார்த்தான். "கரையெல்லாம் கல்லைக் கொட்டித் தின்னவன்கிட்டப் போயி ஒருத்தனும் கேக்க மாட்டான். எங்க அக்கா அடுக்களைக்குத்தான் வருவானுவ, பறவைக்கு எடம் கேட்டு" என்றான்.

 அவன் சொன்னது உண்மையாக இருந்தது.

*

விசாரணை மனையிலேயே நடந்தது. பேஸ்மென்டிலிருந்து தள்ளி ஒரு பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். பறவைகளுக்குத் தொந்தரவு ஆகாமல் மெல்லப் பேச வேண்டும் என்று ஜொஹரா சொல்லியிருந்ததால், எல்லோரும் சாவு வீட்டில் பேசுவதுபோலக் கிசுகிசுத்தார்கள். பக்கத்தில் வலை காயப்போடும் சிலுவை அண்ணன் மட்டும் அடங்கவில்லை.

"இன்னைக்கி ஆலாவுக்குப் பட்டா. நாளைக்கி நெத்திலி வந்து கடலுக்குப் பட்டா கேக்கும். நாம வலையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போவோம்."

"மலையில புலி கேக்கும் அண்ணே" என்றான் யாரோ.

"கேக்கட்டும். அதாவது ஒழுங்கா உறுமிக் கேக்கும். இது என்னடான்னா மேற்படி கீழ்ப்படிங்குது."

ஜொஹராவே வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பம் தொண்டையைச் செருமியது. அதையும் யாரோ ஒரு பத்திர எழுத்தரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

"கிழக்கே கடல். மேற்கே தெரு. வடக்கே காலி மனை. தெற்கே வலை உலர்த்தும் திடல். இந்த நான்கு மாலுக்கும் உட்பட்ட மனையின் உடைமைதாரர் கிளமென்ட் என்பவர் தாங்கள்தானா?"

"ஆமா."

பிரிட்டோ தலையை ஆட்டினான். நல்ல ஆரம்பம்.

"மேற்படி மனையைத் தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் அனுபவிக்க உத்தேசம் உண்டா?"

 பிள்ளை, பேரப்பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக. கிரயப் பத்திரத்தில் எல்லோருக்கும் எழுதுகிற வரிதான். பதிவு ஆபீஸில் அதைப் படித்தபோது, "புத்திரனாம், கேட்டியளா? ஆபீஸ்லயே அவசரப்படுதாங்க" என்று ரெக்ஸி அவன் காதில் சொல்லிச் சிரித்திருந்தாள்.

"அந்தக் கேள்வியை விடு" என்றாள் ஜொஹரா கம்பத்திடம்.

"விடத்தக்கதன்று."

"உத்தேசம் இருந்துச்சு" என்றான் கிளமென்ட்.

கம்பம் அதைக் குறித்துக்கொண்டது. பிறகு கேட்டது.

"மேற்படி மனையைத் தற்சமயம் தாங்கள் ஆண்டு அனுபவித்து வருகிறீர்களா?"

ஆமா என்றுதான் சொல்ல வந்தான். வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. ஆனால் காதில் வேறொரு சொல் விழுந்தது. அனுபவித்து வருகிறீர்களா. காலையில் குடித்த காபி என்ன ருசி என்று யோசித்தான். ருசி இல்லை. போன ஞாயிறு பூசையில் என்ன பாட்டு பாடினார்கள்? தெரியவில்லை. தேக்கைத் தடவியபோது வழவழப்பு கைக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"இல்லை" என்றான். "நான் எதையுமே அனுபவிக்கல."

பிரிட்டோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

ஜொஹரா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "சார், சார். இருங்க. அந்தச் சொல்லுக்குச் சட்டத்துல அர்த்தம் வேற. சந்தோஷமா இருக்கியளான்னு கேக்கல. இடம் உங்க கையில இருக்கா, உபயோகப்படுத்துதியளான்னு கேக்குது. நிறையப் பேரு இதே மாதிரி தப்பாப் புரிஞ்சு சொல்லிருக்காங்க. நான் இதை எடுத்துக்கல. நிதானமா யோசிச்சு மறுபடி சொல்லுங்க."

நிதானமாக யோசிக்க அவனிடம் நேரம் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். காற்றில் பந்தல் துணி அடித்துக்கொண்டது. அவன் பேஸ்மென்டைப் பார்த்தான். சுண்ணாம்புக் கோடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. ஆனால் அடுக்களை எது என்று அவனுக்குத் தெரியும். அங்கே ஓர் ஆலா உட்கார்ந்திருந்தது. அதன் துணை கடலிலிருந்து வந்து இறங்கியது. மூக்கில் குறுக்காக ஒரு குட்டி மீன். உட்கார்ந்திருந்தது மூக்கை நீட்டி வாங்கி, கடலைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.

"அதைக் கேளுங்க மேடம்" என்றான். "அது அனுபவிக்குது."

 வீடு திரும்பி வண்டியை நிறுத்தி இறங்கும்போது பிரிட்டோ சொன்னான்.

"எங்க அக்காவத் தூக்கிக் குடுத்துட்டிய அத்தான்."

*

மனையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கிளமென்ட் கயிறு வரைக்கும்கூடப் போகவில்லை. சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து நேரே அறைக்கு வந்தான். குஜராத் போக ஒப்புக்கொண்டு கம்பெனியில் சொல்லிவிட்டான். சாயங்காலங்கள் இவ்வளவு நீளம் என்பது அவனுக்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை. வெளிச்சம் சாயும்போது கால்கள் தாமாக வண்டியைத் தேடின. உட்காரச் சொன்னான். உட்கார்ந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜொஹரா கூப்பிட்டாள்.

"சார், கொஞ்சம் வர முடியுமா? கம்பம் பத்திரத்தை முடிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"சொத்து விவரம் பூர்த்தியாகலைங்குது. என்னன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லுது."

போனான். பிரிட்டோவும் அங்கே நின்றிருந்தான். மஸ்கட் திரும்புவதற்கு முன் அம்மாவுக்காக அடுக்களையிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்க வந்தானாம். அத்தானைப் பார்த்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பேஸ்மென்ட் முன்போல இல்லை. பறவைகள் குறைந்திருந்தன. அடுக்களை காலியாக இருந்தது.

"காக்கா" என்றாள் ஜொஹரா. "கயிறு கட்டின மறுநாள்லருந்து. கூடு அடையப் போற காக்கா கூட்டம் சாயங்காலம் இந்த வழியாத்தான் போகுது. இறங்கித் தின்னுட்டுப் போகுது. அடுக்களைன்னு உங்க மச்சினன் சொன்னாரே, அங்க இருந்த ரெண்டு முட்டையும் போச்சு. பாதுகாக்கணும்னுதான் கயிறு கட்டினோம்." அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "நாங்க கட்டின கயிறு மனுஷனை மட்டும்தான் நிறுத்துச்சு."

பிறகு கம்பத்தைப் பார்த்து, "சொல்லு. அவர் வந்துட்டார்" என்றாள்.

கம்பம் செருமியது.

"மேற்படி கிளமென்ட் என்பவர் தினமும் சாயங்காலம் தென்கிழக்குப் படியில் வந்து அமர்வார். அமர்ந்த பின் சும்மா இருப்பார்."

பிரிட்டோ இந்தப் பக்கம் திரும்பினான்.

"அவர் சும்மா இருக்கும் காலத்தில் காகம் வகையறா மேற்படி மனையில் பிரவேசிப்பதில்லை. காகத்தைக் கண்டால் ஆலா வகையறாக்கள் எழுப்பும் சப்தம் ஒன்று. நாயைக் கண்டால் ஒன்று. தாசில்தாரைக் கண்டால் ஒன்று."

"எனக்குமா?"

"உண்டு. நாய்க்கு உள்ளதே."

பிரிட்டோவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

"மேற்படி கிளமென்ட்டைக் கண்டால் சப்தம் யாதொன்றும் இல்லை. முதல் பருவத்தில் இருந்தது. பின் நின்றது. அவர் வராத சாயங்காலங்களில் மட்டும் ஒரு சப்தம் உண்டு. முந்தைய பத்திரங்களில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை."

கிளமென்ட் படியைப் பார்த்தான். அவன் உட்கார்ந்து உட்கார்ந்து சிமெண்டு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பளபளத்திருந்தது.

"நான் ஒண்ணும் செய்யலை" என்றான். "நான் சும்மாதான் இருந்தேன்."

"ஆம்" என்றது கம்பம். "அதுவே விவரம்."

ஜொஹரா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "முதல்ல உங்களை வில்லங்கம்னு எழுதப் பார்த்தேன் சார், பழைய உடையவர் வந்து போறார்ங்கிற மாதிரி. கம்பம் ஒத்துக்க மாட்டேன்னுட்டு. சகிதம்னு போடணுமாம்."

"அப்படின்னா?"

"நிலத்தை எழுதும்போது, நிலத்தோட சேர்ந்து போறதையும் எழுதுவாங்கள்ல. கிணறு, பாதை, மாமரம், மத்த மரம். மாவடை மரவடை சகிதம்னு. அது இல்லாம அந்த நிலம் அந்த நிலமா இருக்காதுங்கிற எல்லாம்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "மனுஷனை அப்படி எழுத இடமில்லை சார். காவல்னு போட்டுத்தான் உங்களை உள்ளே விட முடியும். அதுவும் உங்க சம்மதம் இருந்தாத்தான். குஜராத் போறியள்னு கேள்விப்பட்டேன். கட்டாயம் ஒண்ணும் இல்லை."

"வாசிச்சுக் காட்டு" என்றான் கிளமென்ட், கம்பத்திடம்.

அது வாசித்தது. பத்திர எழுத்தரின் நிதானத்தோடு, எழுத்து எழுத்தாக.

"இந்த நான்கு மாலுக்கும் உட்பட்ட மனை, மேற்படி மனையிலுள்ள அரைகுறைக் கட்டடம், மணல், சிப்பிச் சரளை, கடற்காற்று, மாவடை, மரவடை, சாயங்காலம் வந்து சும்மா இருக்கும் கிளமென்ட் சகிதம், ஆலா வகையறாக்கள் தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

ஊசி இறங்கும்போது முதலில் வருவது வலிதான். கன்னத்தில் எங்கோ ஓர் ஓரத்தில், குத்தூசிபோல. கிளமென்ட் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் வராதது, அதற்குப் பிறகும் வராதது. சத்தமில்லாமல் அழத் தெரியவில்லை அவனுக்கு, பழக்கமில்லை. பறவைகள் ஒன்றும் எழும்பவில்லை.

பிரிட்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து முழங்கையால் இடித்தான்.

"ட்ரான்ஸ்ஃபர் வந்துட்டு அத்தான். குஜராத்துக்கு இல்ல. ஆலாவுக்கு."

கிளமென்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படித்தான் போல" என்றான்.

*

நிலையை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். பிரிட்டோ அதை டெம்போவில் ஏற்றி மனைக்கே கொண்டுவந்துவிட்டான்.

"வீடு இல்லாட்டி என்ன? நிலைய மட்டும் நட்டுட்டுப் போறேன். அக்கா பேரு வாசலா இருக்கட்டும்."

"நட முடியாது."

"ஏன்? கம்பம் ஏதும் சொல்லுமா?"

"கம்பம் சொல்லாது. காக்கா உக்காரும். மேல்சட்டத்துல உக்காந்தா எல்லா முட்டையும் கண்ணுக்குத் தெரியும்."

பிரிட்டோ நிலையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். அவன் அத்தான் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்பம் படுக்கப் போட்டுருவோமா?" என்றான்.

ஜொஹரா சம்மதித்தாள். நாய்க்குரிய வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு மூன்று பேருமாகத் தூக்கி, பேஸ்மென்டின் சரளை மேல் வாசல் வர வேண்டிய இடத்தில் அதைப் படுக்க வைத்துவிட்டு, ஓடி வந்துவிட்டார்கள். சிலுவையும் சாளைகளும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. வலையை உதறிக்கொண்டிருந்த சிலுவை அண்ணன், "நல்ல வாசல்வே. மேல இருந்து வாறவங்களுக்கு" என்றார்.

அடுக்களைப் பறவை மறுபடியும் முட்டை விட்டது. இந்த முறையும் அடுக்களையில்தான். கிளமென்ட் மேலாளரிடம் போய்க் குஜராத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னான். காரணம் கேட்டார். "இங்க ஒரு பொறுப்பு இருக்கு சார்" என்றான். என்ன பொறுப்பு என்று கேட்டார். சும்மா இருப்பது என்று சொல்ல வாய் வரவில்லை.

பிரிட்டோவின் லீவு முடிகிற நேரம். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, மாமியார் கொடுத்துவிட்ட சாளை வறுவலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. தூக்கலாக இருக்கிறது என்று கிளமென்ட் வாய்விட்டுச் சொன்னான். பிரிட்டோ தின்பதை நிறுத்தி அவனை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு குஞ்சு எழுந்து நடந்தது. மணல் நிறம். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்ததுபோல. சாயங்காலம் ஆகியும் சரளையின் சூடு தாங்கவில்லை போலிருக்கிறது. இரண்டு எட்டு வைத்து நின்றது, மறுபடி ஓடியது, விழுந்தது, எழுந்தது. நேரே நிலையிடம் வந்து, கீழ்ச்சட்டத்தைத் தாண்ட முடியாமல் முட்டி மோதி, ஒரு வழியாக ஏறி உள்ளே குதித்து, தேக்குச் சட்டத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டது.



"பார்த்தியளா அத்தான்?" என்று பிரிட்டோ கிசுகிசுத்தான். கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். "வலது காலைத்தான் முதல்ல வெச்சுது. நான் பார்த்தேன்."